பதினான்கு துளைகள்

அருங்காட்சியகத்தில் எல்லோரும் அவரைச் 'சாவிக்காரர்' என்பார்கள். ஒன்பது மணிக்குக் கதவைத் திறப்பது, ஐந்துக்குப் பூட்டுவது, நடுவில் பள்ளிப் பிள்ளைகள் பீரங்கிமேல் ஏறாமல் பார்த்துக்கொள்வது: இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை.

கட்டடத்துக்கு அறுநூறு வயது. முதலில் அது தானியக் கிடங்கு. ஆள் படுக்கிற அகலத்துக்குக் கல்லும் சுண்ணாம்புமாகச் சுவர், வில்லாய் வளைந்த செங்கல் கூரை, அதன் கீழே உள்ளங்கை அகலத்தில் பதினான்கு துளைகள். அவற்றின் வழியாகப் புறாக்கள் வந்து கண்ணாடிப் பெட்டிகள்மேல் எச்சமிட்டன. ஒன்பது வருடங்களுக்கு முன், ஒரு விடுமுறை நாளில், சாவிக்காரர் யாரையும் கேட்காமல் ஏணி போட்டு எல்லாவற்றையும் சிமெண்டால் அடைத்தார். மேலே வெள்ளையும் அடித்தார். அந்த வருடம் தூய்மைக்கான பாராட்டுச் சான்றிதழ் அவருக்குத்தான்.

பிறகு சுவர் வியர்த்தது. பூச்சு பொரிந்து உதிர்ந்தது, பழைய வரைபடங்களில் பூஞ்சை பிடித்தது. கூரையை மூன்று முறை செப்பனிட்டும் பயனில்லை. பொருட்களைத் தலைநகருக்கு அனுப்பிவிட்டுக் கட்டடத்தை மூட முடிவாயிற்று.

கடைசியாகப் பார்க்க வந்த பொறியாளர் ஏணியில் நின்று முணுமுணுத்தார். "கிடங்குன்னா காத்து போக வழி இருக்கணுமே. இங்க ஒண்ணையும் காணோமே?"

ஏணியைப் பிடித்திருந்த சாவிக்காரர், தான் வெள்ளையடித்த இடங்களை அண்ணாந்து பார்த்தார்.

வீட்டில் மனைவி கேட்டார். "நீங்கதான் அடைச்சீங்கன்னு யாருக்குத் தெரியும்? சுவர் வந்து சாட்சி சொல்லுமா?"

"மூடிட்டா நான் எதைப் போய்த் திறக்கிறது?"

"சொன்னா மட்டும் உங்களைத் திறக்க விடுவாங்களாக்கும்!"

மறுநாள் சாவிக்காரர், அருங்காட்சியகப் பொறுப்பாளரான காப்பாட்சியர் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டது நான்தான், தெரியுமா?"

"தெரியும் மேடம்."

சாவிக்காரருக்கு ஒரு மாதத் தற்காலிக நீக்கம். துளைகளைத் திறந்து கம்பிவலை அடித்தார்கள். அந்த மாதத்துக்குள் சுவர் காய்ந்தால் மூடும் உத்தரவை விலக்கிக்கொள்வதாக மேலிடம் எழுதியது.

அவர் தினமும் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். இருபத்தாறாம் நாள், வடக்குச் சுவரில் முழு உள்ளங்கையையும் பதித்தார்.

"பெரியவரே! சுவரைத் தொடாதீங்க. போர்டு கண்ணுக்குத் தெரியலையா?" என்று அதட்டினார் புதிதாக வந்திருந்த மாற்றுக் காவலாளி.

"மன்னிச்சுக்குங்க சார்" என்று கையை எடுத்தார் சாவிக்காரர். உள்ளங்கையில் சுண்ணாம்புப் பொடி மட்டும் ஒட்டியிருந்தது; ஈரமில்லை.