கடலுக்குப் பின்பக்கமாகப் போன தவளை

கோவளத்தில் படகு எஞ்சின் ரிப்பேர் என்றால் பன்னீர்செல்வம்தான். இதை ஊர் சொல்வதற்கு முன்னால் அவனே சொல்லிவிடுவான். பஸ் ஸ்டாப்பை ஒட்டிய பட்டறையில் உட்கார்ந்தபடியே, தூரத்தில் கரை சேரும் படகின் டீசல் எஞ்சின் இருமுவதைக் காதில் வாங்கி, "அதுக்கு டீசல் பீச்சற நாஸில் போச்சு" என்று தீர்ப்பு எழுதுவான். பாதி நேரம் சரியாக இருக்கும். மீதி நேரம் தப்பு எஞ்சின் மேல்தான். அவன் மேல் எப்போதும் இருந்ததில்லை.

சின்ன வயசில் போலியோ வந்து வலது கால் மூங்கில் குச்சியாகச் சூம்பிவிட்டது. தார் ரோட்டில் அது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. அக்குள் கட்டையை ஊன்றி அவன் போகிற வேகத்துக்கு, கிளம்பின பஸ்ஸையே ஓடிப் பிடித்திருக்கிறான். ஆனால் ரோடு முடிந்து மணல் ஆரம்பிக்கிற இடத்தில் அவன் கதையும் முடிந்துவிடும். கட்டையை ஊன்றினால் அது பாதி உள்ளே போகும். பிடுங்கினால் இவன் விழுவான். கடலை வைத்துப் பிழைக்கிறவனுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரே ஒரு மணல்வெளி. அதைத் தாண்ட அவனுக்கு இன்னொருத்தன் தோள் வேண்டும்.

அந்தத் தோள் அவன் மச்சான் மணியுடையது. பெண்டாட்டி பொன்னியின் தம்பி. கழற்றி எடுத்து வர முடியாதபடி படகிலேயே எஞ்சின் மக்கர் பண்ணினால், மணி அவனைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு அலை வரைக்கும் போவான். போகிற வழியில் எவனாவது ஒருத்தன் "அரோகரா" என்பான். மீன் விற்கிற பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பன்னீரும் மேலே இருந்தபடி கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்வான். எல்லாரும் சிரிப்பார்கள். இறங்கினதும் யார் முகத்தையும் பார்க்காமல் அவன் ஸ்பேனரை எடுப்பதை எஞ்சின் மட்டும்தான் பார்த்திருக்கும்.

ஒரே ஒரு தடவைதான் யாரும் அரோகரா சொல்லவில்லை. சுனாமி வந்த அன்று மணி மார்க்கெட்டுக்குப் போயிருந்தான். பொன்னிதான் பன்னீரை முதுகில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். கட்டை எங்கேயோ போயிற்று, பட்டறைக் கூரை எங்கேயோ போயிற்று, இவர்கள் இருந்தார்கள். அதைப் பற்றி இரண்டு பேரும் அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அதற்கு அடுத்த வருஷமோ, அதற்கும் அடுத்த வருஷமோ, ஒரு மாசி மகத்தில் அந்தக் கூத்து நடந்தது. மாசி மகத்துக்குச் சுத்துப்பட்டுச் சாமியெல்லாம் கடலாட வரும். பல்லக்கில், தோளில், மாலையும் மேளமுமாக மணல் முழுக்கச் சாமி. அந்தக் கூட்டத்துக்கு நடுவே மணி தோளில் நம்ம பன்னீர். படகு எஞ்சின் சரியான சந்தோஷத்தில் ஒரு முதலாளி அவன் கழுத்தில் ரோஜா மாலை வேறு போட்டிருந்தார். உள்ளூர் ஆட்களுக்கு விஷயம் தெரியும். வெளியூரிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்குத் தெரியவில்லை. கிட்டே வந்து, தொங்கிக்கொண்டிருந்த அந்த வலது காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கையில் இருந்த வாழைப்பழத்தை அவனுக்குப் படைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. பன்னீர் சிரிக்கவில்லை. வாழைப்பழத்தைக் கையில் பிடித்தபடியே சொன்னான்:

"அடுத்த மாசி மகத்துக்குத் தண்ணி வரைக்கும் நானே போறேன். எவனும் தூக்கக் கூடாது. முடியலன்னா அச்சரப்பாக்கம் போயி பம்புசெட் ரிப்பேர் பாத்துகினு கெடக்கறேன். கடல் பக்கமே திரும்ப மாட்டேன்."

அச்சரப்பாக்கத்தில் அவன் சித்தப்பா மகன் நிஜமாகவே பம்புசெட் கடை வைத்திருந்தான், வா வா என்று கூப்பிட்டுக்கொண்டும் இருந்தான். அதனால் இது சும்மா வாய்ச்சவடால் இல்லை என்று பொன்னிக்குப் புரிந்தது. அவன் பீற்றிக்கொள்ளும்போது கத்துவான். நிஜத்தைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். அன்றைக்கு இறங்கியிருந்தது.

ஈ.சி.ஆர். ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் ஜெனரேட்டர் பார்க்கப் போனபோதுதான் அதைக் கண்டான். செடி மண்டிக் கிடந்த மூலையில் சிவப்பாக ஒரு வண்டி. நாலு சக்கரம், உருண்டையான டயர், பைக் மாதிரி ஹேண்டில். விருந்தாளிகள் மணலில் ஓட்டி விளையாடின ஏ.டி.வி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின். டூ ஸ்ட்ரோக்குக்குப் பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றணும். கலக்கத் தெரிந்தவன் வேலையை விட்டுப் போனான், அடுத்து வந்தவன் வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டினான், பிஸ்டன் காய்ந்துபோய்ச் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டது. பன்னீர் எஞ்சினைப் பார்க்கவே இல்லை. அந்த டயரைத்தான் பார்த்தான். மணலில் புதையாத டயர். ஜெனரேட்டர் வேலைக்குக் கூலி வேண்டாம், இதைக் கொடுங்கள் என்று கேட்டு, மீன் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டான்.

ஊர் அதற்குத் தவளை என்று பேர் வைத்தது. குந்தி உட்கார்ந்த தவளை மாதிரியேதான் இருந்தது.

பழைய எஞ்சின் தேறாது. அது எந்த தேசத்துச் சரக்கோ, புதுப்பேட்டைப் பழைய பார்ட்ஸ் கடையெல்லாம் அலைந்தும் ஒரு பிஸ்டன் ரிங்கூடக் கிடைக்கவில்லை. அப்போதுதான் மணி, வீட்டுக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்த தன் பைக்கை உருட்டி வந்தான். சுனாமி தூக்கிப்போய்ச் சவுக்குத் தோப்பில் சொருகின பைக். சட்டமெல்லாம் துரு, சீட்டு இல்லை, விளக்கு இல்லை. இரும்புக்குப் போடவும் அவனுக்கு மனசு வரவில்லை.

"இது ஃபோர் ஸ்ட்ரோக்காச்சே மாமா. அதுல போயி ஒக்காருமா?"

"ஒக்காராட்டி ஒக்கார வைப்பேன்" என்றான் பன்னீர். பிறகு வழக்கம்போல ஒரு பிரசங்கம். டூ ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுத்துக்கும் வெடிக்கும், கத்தும், புகை விடும். ஃபோர் ஸ்ட்ரோக் ஒரு சுத்து வெடித்தால் அடுத்த சுத்து மூச்சு வாங்கும், அது பாட்டுக்கு நிதானமாய் இழுக்கும். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பொன்னி, "நம்ம வூட்லயும் ஒரு டூ ஸ்ட்ரோக் கீது" என்றாள்.

எஞ்சினைத் திறந்தபோது கார்ப்பரேட்டரில் மணல் இருந்தது, கிளி மூக்கு அளவில் ஒரு சிப்பித் துண்டு இருந்தது, மூடியை எடுத்ததும் சேறு வழிந்தது. டீசல் விட்டுக் கழுவிக் கழுவி எடுத்தான். கடைசியில் சிலிண்டர் ஹெட்டைத் தூக்கினான். தூக்கினவன் அப்படியே இருந்துவிட்டான். உள்ளே பிஸ்டன் நேற்றுப் போட்டது மாதிரி மினுங்கியது. காற்று வந்து போகிற ரெண்டு வால்வும் மூடின நிலையில் எஞ்சின் நின்றிருக்கிறது. ஊரையே புரட்டிப் போட்ட கடல், படகை ரோட்டுக்கும் ரோட்டைக் கடலுக்கும் கொண்டுபோன கடல், உள்ளங்கை அளவு இருக்கிற இந்த அறைக்குள் மட்டும் நுழைய முடியாமல் திரும்பிப் போயிருக்கிறது.

"ஏய், இங்க வந்து பாரேன்" என்று பொன்னியைக் கூப்பிட்டான். அவளும் எட்டிப் பார்த்தாள். முந்தானையால் அதன் ஓரத்தைத் துடைத்தாள்.

அடுத்து ஒரு சிக்கல். தவளைக்குச் செயின் ஓடுவது வலது பக்கம். மணியின் எஞ்சினுக்குச் செயின் இடது பக்கம். ரெண்டும் சேரவில்லை. ரெண்டு நாள் முறைத்துப் பார்த்தவன், மூன்றாம் நாள் எஞ்சினை அப்படியே முன்பின்னாகத் திருப்பி வைத்தான். செயின் நேராய் வந்து பொருந்தியது. அதுமட்டுமா, வலது பக்கம் இருக்க வேண்டிய கிக்கர் இடது பக்கம் வந்துவிட்டது. அதாவது அவனுடைய நல்ல கால் பக்கம். பன்னீருக்குத் தலைகால் புரியவில்லை. எந்தக் கம்பெனிக்காரனுக்கும் தோன்றாதது தனக்குத் தோன்றிவிட்டதாக ஊர் முழுக்கச் சொன்னான். சூம்பின கால் பக்கம் போய்விட்ட கியரை ஒரு கம்பி வைத்து இழுத்துக் கைக்குக் கொண்டுவந்தான்.

வெல்டிங் வைக்க வந்த சம்பத் மட்டும் கொஞ்சம் தயங்கினான். "அண்ணாத்த, எஞ்சின் திரும்பிகினு நிக்குதே, பரவால்லியா?"

பன்னீர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தான். படகில் எஞ்சின் எந்தப் பக்கம் பார்த்து நின்றால் என்ன, எப்படிச் சுத்தினால்தான் என்ன? படகு பின்னால் போனால், தண்ணிக்குள் சுத்துகிற விசிறியை மாற்றிப் போட்டால் முன்னால் போகும். வாழ்நாள் முழுக்க அவன் அப்படித்தான் செய்திருக்கிறான். இதையெல்லாம் சம்பத்துக்கு விளக்கினான். சம்பத் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெல்டிங்கை வைத்தான்.

தவளைக்கு விசிறி கிடையாது என்பது மாசி மகத்துக்கு முந்தின நாள்தான் தெரிந்தது.

பட்டறை வாசலில் ஊரே கூடியிருந்தது. பன்னீர் ஏறி உட்கார்ந்தான். கிக்கரை முன்பக்கமாகத் தள்ளி மிதித்தான். மூன்றாவது மிதிக்கு எஞ்சின் பிடித்தது. புகை இல்லை, கத்தல் இல்லை, திம் திம் என்று ஒரு நிதானம். மணிக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் பைக்கின் சத்தமாயிற்றே. பன்னீர் முதல் கியரைப் போட்டு, கிளட்ச்சை விட்டு, முன்னால் பார்த்துக் கம்பீரமாக நிமிர்ந்தான்.

வண்டி பின்னால் போய் இளநீர்க் குவியலில் மோதி நின்றது.

இரண்டாவது கியரைப் போட்டான். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. நாலு கியரும் ரிவர்ஸ். எஞ்சினைத் திருப்பினால் அது சுத்துகிற திசையும் திரும்பும் என்கிற ஒரு சின்ன சமாச்சாரம், அந்தப் பெரிய மூளைக்குள் எங்கேயோ நழுவிவிட்டது. "தவளைன்னு வாங்கினு வந்தான், பின்னாலயே துள்ற எறாவா பூட்ச்சு" என்றான் ஒருத்தன். ஊர் சிரித்தது. வழக்கமாய்ப் பதிலுக்குப் பத்து வார்த்தை விடுகிறவன் இறங்கி, கட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அதைப் பார்த்ததும் சிரித்தவர்கள் ஒவ்வொருத்தராய் நகர்ந்தார்கள்.

வெல்டிங்கை அறுத்து மாற்றலாம் என்றால், சம்பத் கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு மகத்துக்காக மாமல்லபுரம் போய்விட்டான். பன்னீர் சோற்றைத் தள்ளி வைத்தான். அச்சரப்பாக்கத்துக்குப் போன் போடச் சொன்னான். குரல் இறங்கியிருந்தது.

பொன்னி போனை எடுக்கவில்லை. "தண்ணி வரைக்கும் போறேன்னுதானே சொன்ன? மூஞ்சியக் காட்டிகினுதான் போவேன்னு சொன்னியா?"

"பின்னாடி பாத்துகினே எப்டிடீ ஓட்டறது? கண்ணு முதுகுலயா கீது?"

"நான் பின்னால குந்திகினு கடலப் பாக்கறேன். எந்தாண்ட திருப்பணும்னு சொல்றேன். நீ ஓட்டு."

"எவனும் தூக்கக் கூடாதுன்னு சொல்லிக்கீறேன்."

"எவ தூக்கறா? அன்னிக்குத்தான் தூக்கினேன்" என்றாள் பொன்னி. "நாளைக்கி நீ என்னைத் தூக்கினு போ."

அந்த நாளைப் பற்றி அவள் பேசுவது அதுதான் முதல் தடவை. தள்ளி வைத்த சோற்றை இழுத்துக்கொண்டு அவன் கேட்டான். "ரொம்ப கனமா இருந்தேனா?"

"இருந்த" என்றாள். "அதான் கெட்டியாப் புடிச்சிகினேன்."

மறுநாள் காலை, ரோடு முடிகிற இடத்தில் தவளை கடலுக்கு முதுகைக் காட்டி நின்றது. பின்னாலிருந்த கம்பிக் கேரியரில் பொன்னி கடலைப் பார்த்து உட்கார்ந்தாள். இருவர் முதுகும் ஒட்டிக்கொண்டன. அவளுக்கு வலது என்றால் அவனுக்கு இடது, அதனால் அந்தப் பேச்சே வேண்டாம் என்று முதல் நாளே முடிவு செய்திருந்தார்கள். ஒரு பக்கம் தர்கா, இன்னொரு பக்கம் மாதா கோயில். அது யாருக்கும் மாறாது.

"தர்கா பக்கம் கொஞ்சம்" என்றாள். திருப்பினான். "போதும். மாதா கோயில் பக்கம். வலை கெடக்கு."

அலை கண்ணுக்குத் தெரியவில்லை அவனுக்கு. தெரிந்ததெல்லாம் ஊர். சிரித்த முகங்கள், வாயைப் பிளந்த முகங்கள், மேளக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் தோள்களில் ஆடி ஆடி வரும் சாமிகள். எல்லாம் அவனைப் பார்த்தபடி வந்தன. அவன் அவற்றைப் பார்த்தபடி விலகிப் போனான். மணல் டயருக்கு அடியில் பொத்பொத்தென்று விட்டுக்கொடுத்தது. கட்டை புதைகிற இடம், மணி மூச்சு வாங்குகிற இடம், படகு நிறுத்துகிற மேடு, ஒவ்வொன்றும் அவன் காலுக்கு முன்னால் தோன்றிச் சின்னதாகிக்கொண்டே போனது. இத்தனை நாள் எவ்வளவு தூரம் என்று நினைத்திருந்தான். இவ்வளவுதானா?

எஞ்சின் சத்தம் மாறியது. ஈர மணல். பொன்னி வழி சொல்வதை நிறுத்திவிட்டாள். முதுகு வழியாக அவள் மூச்சு மட்டும் தெரிந்தது.

"இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. வா, வா, வா" என்றாள். பிறகு, "நில்லு."

நிறுத்தினான். ஒரு அலை பின்னாலிருந்து வந்து, பொன்னியை நனைத்து, டயர்களைச் சுற்றி நுரைத்து, அவனுடைய வலது காலில் ஏறி இறங்கியது. சூம்பின கால்தான், ஆனால் சில்லென்று உணர்ந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே முதல் பல்லக்கைத் தூக்கி வந்தவர்கள் அலையின் ஓரத்தில் நின்று, தவளைக்கு இடம் விட்டு, சாமியைக் கொஞ்சம் தள்ளி இறக்கினார்கள். யாரும் அரோகரா சொல்லவில்லை. மணி மட்டும் சொன்னான், அது சாமிக்கு.

போன் அச்சரப்பாக்கத்துக்குப் போகவே இல்லை. திரும்பி வந்த சம்பத், எஞ்சினை நேராய் வைத்துத் தரட்டுமா, செயினுக்கு வேறு வழி செய்து பார்க்கலாம் என்று கேட்டான். பன்னீர் அவனை அதே பழைய பரிதாபத்தோடு பார்த்து, டிசைனே அப்படித்தான் என்றான். கடலுக்குப் போகும்போது ஊரைப் பார்க்கணும், ஊருக்குத் திரும்பும்போது கடலைப் பார்க்கணும், இது எந்தக் கம்பெனிக்காரனுக்குத் தெரியும் என்று கேட்டான்.

அன்றிலிருந்து படகு எஞ்சின் பார்க்க யாராவது கூப்பிட்டால், அவன் முதலில் பொன்னியைத்தான் கூப்பிடுவான்.