தாளிக்காத பத்து நாள்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்றவர்கள், வாடகைக்கு விட்டுப் பார் என்று சேர்த்துச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். நான் விட்டுப் பார்த்தவள். பதினாறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்களுக்கு இரண்டு வீடு என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் முகத்தில் ஒரு மரியாதை வரும். கல்யாண மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். யானையைக் கட்டித் தீனி போடுகிறவர்கள் இவர்கள் என்று யாருக்கும் தோன்றாது.

நாங்கள் குடியிருப்பது புக்கிட் பாஞ்சாங்கில், அரசாங்க அடுக்குமாடி வீட்டில். இன்னொன்று இந்தியக் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில். இரண்டு படுக்கையறை. நான் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த காலத்தில், இருவருடைய சேமநிதிப் பணத்தையும் போட்டு, மீதிக்கு வங்கியில் கடன் எடுத்து வாங்கினோம். எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. வயதான காலத்தில் அந்த வீடுதான் பிள்ளை மாதிரி சோறு போடும் என்று என் கணவர் சொல்வார். பிள்ளை இன்னும் பால்குடி மறக்கவில்லை என்று நான் சொல்வேன்.

ஒரு வருடம் தண்ணீர்ச் சூடேற்றி போகும். அடுத்த வருடம் ஏர்கான் ஒழுகும். மூன்றாம் மாடிக்காரர் தன் குளியலறைக் கூரையில் ஈரம் என்று படம் எடுத்து அனுப்புவார். அந்த ஈரம் யார் வீட்டுக் குழாயிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்கு இரத்த அழுத்தம் ஏறிவிடும். இதெல்லாம் பழகிய தொல்லைகள். பழகாதது வட்டி. எங்கள் கடனுக்கு வட்டி நிலையானது இல்லை. ஏறும், இறங்கும் என்றுதான் கையெழுத்துப் போடும்போது சொன்னார்கள். பல வருடம் படுத்தே கிடந்ததால் ஏறும் என்ற பாதியை நாங்கள் மறந்துபோனோம். அது எழுந்து நின்றபோது மாதத் தவணை வாடகையைத் தாண்டிவிட்டது.

வருடக் கடைசியில் சொத்து வரிக் கடிதமும் வந்தது. சொந்தக்காரர் குடியிருக்காத வீட்டுக்கு வரி அதிகம். அந்த வரியையும் ஏற்றியிருந்தார்கள். வரி போடுவது நமக்கு வந்த வாடகைக்கு இல்லை, அந்த வட்டாரத்தில் வரக்கூடிய வாடகைக்கு. தேக்காவைச் சுற்றி வாடகை ஏறியிருந்தது. நாங்கள் ஏற்றவில்லை. ஊரார் வாங்கிய வாடகைக்கு நாங்கள் வரி கட்டினோம்.

இத்தனைக்கும் நடுவில் என் கணவர் தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தார். செக்யூரிட்டி வேலை, பன்னிரண்டு மணி நேரம். அவருக்கு அறுபத்தெட்டு வயது. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன, நிற்கிற வேலையை விடுங்கள் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. தீபாவளியோடு நின்றுவிடுகிறேன் என்று இவரும் இரண்டு தீபாவளியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தவணையில் விழுகிற துண்டை அவர் சம்பளம்தான் அடைத்தது. வாடகை ஏறினால் அவர் வீட்டில் உட்காரலாம். ஏறாவிட்டால் நிற்க வேண்டும், இல்லையென்றால் வீட்டை விற்க வேண்டும். இந்த வருடம் இவரை எப்படியாவது உட்கார வைத்துவிடுவது என்று நான் முடிவு செய்தேன்.

அப்போது குடியிருந்தவர்கள் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த இளம் தம்பதி. அவன் கம்ப்யூட்டர் வேலை. அவள் வீட்டில், மூன்று வயதுப் பெண் குழந்தையோடு. மாதம் பிறந்தால் வாடகை வந்துவிடும். சின்ன ரிப்பேர் எல்லாம் ஒப்பந்தப்படி தாங்களே பார்த்துக்கொள்வார்கள். போனால் நாலு மாடி ஏறிய களைப்புக்கு மோர் கொடுப்பாள். இப்படிப்பட்டவர்களை இழக்க எந்த வீட்டுக்காரிக்கும் மனம் வராது. ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருந்தபோது தேவைப்பட்ட தொகையைச் சொன்னேன். அவள் கணவனிடம் கேட்டுவிட்டு மறுநாள் கூப்பிட்டாள்.

"கொஞ்சம் கூடத் தர்றோம்க்கா. நீங்க சொல்ற அளவுக்கு அவர் சம்பளத்துல முடியாது. நாங்க வேற வீடு பாத்துக்கிறோம்."

சண்டை போட்டிருந்தாலாவது எனக்குக் கோபம் வந்திருக்கும்.

ஏஜெண்டைப் பிடித்தேன். இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன், முப்பது வயது இருக்கும். வாய் ஓயாது. விளம்பரம் போட்ட மறுநாள் காலை, நான் சந்தையில் மீன்காரர் முன்னால் நிற்கும்போது போன் செய்தான்.

"ஆன்ட்டி, நெறைய பேர் கேக்குறாங்க. ஒண்ணு கன்ஃபர்ம் பண்ணிக்கிறேன். இண்டியன் டெனன்ட் ஓகேவா?"

"ஏன்ப்பா, நானே இண்டியன்தானே?"

"தெரியும் லா ஆன்ட்டி. நானும்தான். ஆனா நீங்க கேக்குற ரேட்டுக்கு வர்றவங்க, மொதல்ல வீட்டுல சமையல் வாசம் இருக்கான்னுதான் பாப்பாங்க. மறுபடியும் இண்டியன் ஃபேமிலி வந்தா ரேட்டு எறங்கிடும். நான் ஒவ்வொருத்தருக்கும் பதில் போடணும், என்ன போட?"

தேக்கா வீட்டுக்கு இந்தியர் வேண்டாமாம். சிரிப்புத்தான் வந்தது. மீன்காரர் மீனைத் துண்டு போட்டபடி, தலை வேண்டுமா என்று சைகையில் கேட்டார். வேண்டும் என்று தலையாட்டினேன். போனில், "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்ப்பா" என்றேன். இந்தியர் வேண்டாம் என்ற சொல் என் வாயிலிருந்து வரவில்லை. அதைப் பிறகு பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் கணவரிடம் இதைச் சொல்லவில்லை. ஏஜெண்ட் பார்த்துக்கொள்கிறான் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்து இன்னொரு வேண்டுகோள். ஆட்கள் வந்து பார்க்கிற நாட்களில் வீட்டில் வாசம் இருக்கக் கூடாது. ஏஜெண்ட் என்னிடம் சொன்னான், நான் அவளிடம் சொல்ல வேண்டும். முப்பது வருடம் நோயாளிகளின் வீட்டாரிடம் எத்தனையோ கெட்ட செய்தி சொன்னவள் நான். இதை மட்டும், ஜன்னல் திறந்து வைப்பியாம்மா, எண்ணெய் கிண்ணெய் கொஞ்சம் பாத்து என்று சுற்றி வளைத்தேன்.

"தாளிக்க வேண்டாம், அவ்வளவுதானேக்கா?" என்றாள். "முன்னாடி இருந்த வீட்டுலயும் காலி பண்ணும்போது இப்படித்தான் சொன்னாங்க. எத்தனை நாளைக்கு?"

பத்து நாள் ஆயிற்று. நான் மூன்று முறை போனேன். ஒவ்வொரு முறையும் ஜன்னல்கள் திறந்திருந்தன, அடுப்பு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மேசையில் ரொட்டி, வாழைப்பழம். குழந்தை ரசம் சோறு கேட்டு அழுதது. சாயங்காலம் கடையில் வாங்கித் தருகிறேன் என்று அவள் காதோடு காதாகச் சொல்வது எனக்குக் கேட்டது. அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய்ச் சமைக்கவில்லை. என் கணவர் கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

பத்தாவது நாள் வந்த வெள்ளைக்காரத் தம்பதிக்கு வீடு பிடித்துவிட்டது. காபி மட்டும்தான் போடுவார்களாம். சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கீழே இறங்கினால் அருமையான இந்தியச் சாப்பாடு, அதற்காகத்தான் இந்தப் பக்கம் வருகிறோம் என்றாள் அந்தப் பெண். இதற்கு முன் இருந்தவர்கள் எப்படி என்று ஏஜெண்டிடம் கேட்டார்கள். அவன் "லைட் குக்கிங்" என்றான். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். சமையலறை வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். நான் கேட்ட வாடகைக்கே சம்மதித்தார்கள்.

சாவி வாங்கப் போன நாளில் என் கணவரும் லீவு போட்டு வந்தார், மூட்டைகளை இறக்கிக் கொடுக்க. முட்டி வலியோடு ஒவ்வொரு படியாக இறங்கி ஏறினார். வேண்டாம் அங்கிள் என்று அவள் கணவன் எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. வீடு பளிச்சென்று இருந்தது. நான் சமையலறைக்குள் போய் மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது கூசுகிறது.

"எங்கேம்மா வீடு பாத்திருக்கீங்க?" என்று அப்போதுதான் கேட்டேன். இரண்டு மாதத்தில் முதல் முறையாக.

"வீடு கிடைக்கலக்கா. கேட்ட இடத்துல எல்லாம் இண்டியனான்னு கேட்டு, சாரின்னு சொல்லிட்டாங்க. அவர் சுவா சூ காங்ல நாலு பேரோட ஒரு ரூம்ல இருந்துக்குவார். நானும் பாப்பாவும் ஊருக்குப் போறோம். நாளைக்கு ஃபிளைட்."

என் கணவர் அரிசி டப்பாவைத் தூக்கப் போனவர் அப்படியே நின்றார்.

அவள் சாவிக் கொத்தை என் கையில் வைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். ஆனால் காலி வீட்டில் எதையும் தாழ்த்திச் சொல்ல முடியாது.

"அவர் ஆபீஸ்ல ஒருத்தர், அவரும் நம்ம ஊர்க்காரர்தான், இந்த வீட்டுக்குத்தான்க்கா கேட்டிருக்கார். ஓனர் இண்டியன்ஸுக்குத் தர்றதில்லன்னு பதில் வந்துச்சாம். யாரோ சீனர் போல, ரொம்பத் திமிருன்னு இவர்கிட்ட வந்து திட்டியிருக்கார். ஓனர் தமிழ்க்காரங்கன்னு இவர் சொல்லல. நாந்தான் சொல்ல வேணாம்னுட்டேன்." குழந்தைக்குச் செருப்பை மாட்டிவிட்டாள். "வீடு காட்ட ஆரம்பிச்ச மொத வாரமேக்கா."

அதாவது எல்லாம் தெரிந்தேதான் அத்தனை நாளும் தாளிக்காமல் இருந்தாள். எனக்கு மோர் கொடுத்தாள். மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்க வேண்டும். குழந்தைக்கு ஒரு ஐம்பது வெள்ளி நோட்டை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கிக்கொள்ளச் சொன்னாள், குழந்தை வாங்கிக்கொண்டது. கீழே டாக்சி வந்துவிட்டது.

ரயிலில் திரும்பும்போது என் கணவர் கேட்டார். "நீதான் அப்படிப் பதில் போடச் சொன்னியா?"

"நான் சொல்லல. போடாதேன்னும் சொல்லல."

அவர் முட்டியைத் தடவிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாதம் பிறந்ததும் புது வாடகை வந்தது. தவணை போய், வரிக்கு எடுத்து வைத்தும் கையில் நின்றது. இன்றைக்கே கடிதம் எழுதிக் கொடுங்கள், இந்த மாதத்தோடு வேலையை விடுங்கள் என்று அவரிடம் சொன்னேன். சீருடைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த வாடகையில உக்காந்து சாப்பிட்டா எனக்குச் சோறு இறங்காது. இன்னும் கொஞ்ச நாள் நிக்கிறேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாருக்காகச் செய்தேன் என்று கத்தினேன். முட்டி வலிக்கவில்லையா என்று கேட்டேன்.

"வலிக்குது" என்றார். நாற்காலியைப் பிடித்துக் குனிந்து, சப்பாத்தின் நாடாவைக் கட்ட ஆரம்பித்தார்.