கேம் ஷாஃப்டும் கைக்கணக்கும்

பணக்காரர்களின் கார் எஞ்சின்களைப் பிரித்து மாட்டித்தான் நான் பிழைக்கிறேன். அவர்கள் மேல் எனக்கு மரியாதை கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாய் நிறைய "வாங்க, உக்காருங்க, காப்பி குடிங்க" என்பேன். கோயமுத்தூர்க்காரனுக்கு அது கூடவே பிறந்த பழக்கம். உள்ளுக்குள் ஓடுவது வேறு.

ஆர்.எஸ்.புரத்திலிருந்து வந்த மில் முதலாளி அதில் தனி ரகம். இரண்டே கதவு வைத்த இறக்குமதி ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தார். வரிசையாக ஆறு சிலிண்டர், மேலே இரண்டு கேம் ஷாஃப்ட். அந்தக் காரில் அவர் என்ன செய்தார் தெரியுமா? வாரம் ஒருமுறை அன்னூர் தோட்டத்துக்குத் தென்னை மரம் பார்க்கப் போனார். வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் வயிறு உரசாமல் இருக்க வண்டியைக் கோணலாகத் திருப்பித் திருப்பி இறக்கினார். திரும்பி வரும்போது ஓர் இளநீர்க் குலை வைக்கக்கூட அதில் இடமில்லை. மூன்றாவது கியருக்கு மேல் ஒன்று இருக்கிறது என்பதை யாராவது அவருக்குச் சொல்லியிருப்பார்களா என்பதே சந்தேகம்.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் பட்டறைக்கு வந்து, "ஏனுங்க, இதுக்குக் கேம் மாத்தோணுமுங்க" என்றார்.

"எதுக்குங்க?"

"எங்க சகலை மாத்திப்போட்டாருங்க. அவரு வண்டி சும்மா நின்னாலே தடதடன்னு ஊடு வாசலெல்லாம் அதிருதுங்க."

எஞ்சின் எப்போது மூச்சை இழுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று தீர்மானிக்கும் தண்டுதான் கேம் ஷாஃப்ட். அதில் இருக்கும் மேடுகள் உயரமாக இருந்தால் வால்வுகள் கூடுதலாகத் திறக்கும், கூடுதல் நேரம் திறந்திருக்கும். எஞ்சின் வெறிகொண்டு சுற்றும்போதுதான் அதன் பலன் தெரியும். மெதுவாக ஓட்டினால் இருக்கிற இழுவையும் போய்விடும். நிற்கும்போது வண்டி குலுங்கும். ரேஸ் ஓட்டுகிறவன் வேகத்துக்காக அந்தக் குலுக்கலைப் பொறுத்துக்கொள்வான். இவருக்கோ குலுக்கல்தான் வேண்டும். பக்கவிளைவுக்கு ஆசைப்பட்டு மருந்து கேட்ட முதல் ஆள் இவராகத்தான் இருக்கும்.

இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். அவருக்காக இல்லை. அந்த எஞ்சினுக்காக. அவ்வளவு அழகான ஒன்று அதற்கு முன் என் பட்டறை வாசலை மிதித்ததில்லை. கவரைக் கழற்றிப் பார்த்ததும், இது போய் இந்த ஆளிடம் மாட்டிக்கொண்டதே என்று வயிறு எரிந்தது.

வேலையில் ஒரே ஓர் ஆபத்து உண்டு. அந்த எஞ்சினில் கேம் ஷாஃப்டைச் சுழற்றும் பல்சக்கரத்தைத் தண்டோடு பூட்டக் காடியோ கட்டையோ கிடையாது. ஒற்றை போல்ட்டின் இறுக்கம்தான் சக்கரத்தையும் தண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அது நழுவினால் வால்வு இறங்கக்கூடாத நேரத்தில் இறங்கும், ஏறி வருகிற பிஸ்டன் அதை அடித்து வளைத்துவிடும். எஞ்சின் அத்தோடு முடிந்தது. ஆகவே போல்ட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்துக் கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்கி, அப்புறம் எஞ்சினைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். இந்த ஊரில் பம்ப் மாட்டுகிறவனிலிருந்து லேத் ஓட்டுகிறவன் வரை எல்லாருக்கும் உள்ளங்கையிலேயே அளவுகோல் இருப்பதாக நினைப்பு. "கைக்கணக்குப் போதுமுங்க" என்பார்கள். அப்படிச் சொன்ன இரண்டு மெக்கானிக்குகளை நான் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு, சொல்லாமல் கொள்ளாமல் முதலாளி வந்து நின்றார். கூடவே சம்சாரம், தேங்காய், எலுமிச்சம்பழம், சூடம். பத்தரைக்கு ராகு காலமாம், அதற்குள் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட வேண்டுமாம். அவர்களுக்குப் பின்னால் கறுப்புக் கண்ணாடியோடு அந்தச் சகலை. எனக்குச் சிரிப்பு வந்தது. உலகத்திலேயே நுணுக்கமான எஞ்சினுக்குப் பஞ்சாங்கம் பார்க்கிற கூட்டம்!

அப்போது ஒரு தண்டின் போல்ட்டை இறுக்கி முடித்திருந்தேன். புகையை வெளியே விடும் பக்கத்துத் தண்டின் போல்ட் விரலால் முடுக்கிய அளவில் நின்றது. அதன் கோணத்தை இன்னும் அளந்துகொண்டிருந்தேன்.

"இன்னும் ஒரு மணி நேரம் ஆகுமுங்க" என்றேன்.

முதலாளி முகம் கோணவில்லை. "அப்ப திங்கக்கெழம வெச்சுக்கலாமுங்க. வேலதானுங்க முக்கியம்" என்று தேங்காயைப் பைக்குள் வைத்தார்.

சகலை கண்ணாடியைக் கழற்றினார். "எனக்குப் பெங்களூர்ல ரெண்டே நாள்ல முடிச்சுக் குடுத்தாங்க. நம்மூர்லயே செய்யறவரு இருக்காருன்னீங்க, சரி பார்க்கலாம்னு வந்தேனுங்க" என்றார். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. "அஞ்சு நிமிசம் நில்லுங்க" என்றேன்.

டார்க் ரென்ச் மேசைமேல் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்தால் அளவு வைக்க வேண்டும், அதற்கு முன் கோணம் சரிபார்க்க வேண்டும், பிறகு கையால் சுற்ற வேண்டும். சாதா ஸ்பானரை எடுத்தேன். ஓர் இழுப்பு, இன்னொரு இழுப்பு. கை போதும் என்றது. கவரை மூடிவிட்டு, "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றேன்.

சூடம் காட்டினார்கள். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். முதலாளி பொத்தானை அழுத்தினார். எஞ்சின் குலுங்கிக் குலுங்கி உறுமியது. சுவரில் மாட்டியிருந்த ஸ்பானர்கள் ஆடின. முதலாளி குழந்தைபோல் சிரித்தார். நான் சகலையைப் பார்த்தேன். அந்தப் பார்வைக்காகத்தான் எல்லாவற்றையும் செய்தேன். முதலாளி ஆசையோடு ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்தார். கூடை நிறையக் கரண்டிகளைச் சிமென்ட் தரையில் கொட்டியது போல ஒரு சத்தம். எஞ்சின் நின்றது.

முதலாளி இறங்கி, மெல்லத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்து முப்பத்தி நாலுங்க. ராகு காலம் தொட்டுருச்சு. நாந்தானுங்க உங்களை அவசரப்படுத்திப்போட்டேன்."

இல்லீங்க, தப்பு என்னுதுங்க என்று சொல்ல ஒரு நொடி போதும். பக்கத்தில் சகலை நின்றிருந்தார்.

"ஆமாங்க. நேரஞ்சரியில்லீங்க" என்றேன்.

அவர்கள் போனபின் மத்தியானம் தனியாகக் கவரைக் கழற்றினேன். புகைப் பக்கத்துப் போல்ட் இரண்டு விரலுக்கே சுற்றியது. அந்தப் பக்கத்துப் பன்னிரண்டு வால்வும் வளைந்திருந்தன. வாயைப் பிளந்துகொண்டு கிடந்த அந்த எஞ்சினைப் பார்க்க முடியாமல் மேலே துணியைப் போட்டு மூடினேன். அந்தச் சகலையை விட, கைக்கணக்கு மெக்கானிக்குகளை விட, நான் கீழே போயிருந்தேன். வால்வு வளைந்ததற்காக இல்லை, நான் சொன்ன அந்தப் பொய்க்காக.

திங்கட்கிழமை முதலாளியே போன் செய்தார். குரலில் எள்ளளவும் கோபமில்லை.

"எஞ்சின் போனாப் போகுதுங்க, வேற வரவழச்சுக்கலாம். உங்களுக்குத்தானுங்க மனசு ஒடஞ்சிருக்கும். நாளைக்குச் சென்னிமலை போறமுங்க. உங்க பேருலயும் ஒரு அர்ச்சனை பண்ணிப்போட்டு வாரேனுங்க. உங்க நட்சத்திரம் என்னங்க?"

போல்ட் என் சட்டைப் பையில் இருந்தது. நட்சத்திரத்தை மட்டும் சொன்னேன்.