காளையின் மேல் ஓடிய எண்

‘பதிவான புகாருக்கு நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பதில் அளிக்கப்படும்.’ எங்கள் தெருவுக்கு கேபிள் இணைப்பு தரும் அலுவலகம் கொடுத்த அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் ஐந்தாவது விதி இது. அச்சடித்த விதி நடைமுறையிலும் இருக்கும் என்று நம்புவது, சிங்கப்பூரில் முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்ததில் எனக்குத் தொற்றிய வியாதி. அங்கே ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் நடைமுறைக் கையேடு எழுதுவதே என் உத்தியோகம். ஓய்வு பெற்றுத் திருக்கோகர்ணத்துக்குத் திரும்பியும் வியாதி தீரவில்லை. இந்த ஊரில் அட்டையின் பின்பக்கத்தைப் படிப்பவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். அதை அச்சடித்தவர்களும் படித்ததாகத் தெரியவில்லை.

என் புகார் சின்னது. டிவியில் படம் ஓடும்போது அதன் மேல் ஒரு நீண்ட எண் திடீரென்று தோன்றுகிறது. ஒரு மூலையில் மறைந்து இன்னொரு மூலையில் முளைக்கிறது. அது செட்டாப் பாக்ஸின் எண். யாராவது படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தால் கண்டுபிடிப்பதற்காம். வெறுமனே பார்ப்பவனுக்கு அதில் நஷ்டமில்லை. நான் பதிவு செய்கிறவன். அதுவும் வீடியோ கேசட்டில்.

நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. லிம்மைத் தெரிந்தால் சிரிக்க மாட்டீர்கள். சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரன் அவன். சீனன். எனக்கு இரவு வேலை வரும் வாரங்களில் என் தமிழ் நாடகங்களை அவன் தன் இயந்திரத்தில் பதிவு செய்வான். அவனுடைய கால்பந்தாட்டங்களை நான் செய்வேன். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்குக் கால்பந்து பிடிக்காது, ஆகவே ஒப்பந்தம் நேர்மையாக நடந்தது. ‘சேஃப்டி லா’ என்று, எதற்கும் ஒரு ‘லா’ போடும் சிங்கப்பூர்ப் பேச்சில் சொல்லிக்கொண்டு, அவன் எப்போதும் ஐந்து நிமிடம் முன்னதாகவே டைமர் வைப்பான். அதனால் என் கேசட் ஒவ்வொன்றும் ஒரு சீனத் தொடரின் கடைசிக் காட்சியில்தான் தொடங்கும். எத்தனையோ சீனக் குடும்பங்களின் முடிவு எனக்குத் தெரியும். என்ன சண்டை என்று மட்டும் தெரியாது.

லிம்முக்கு இரண்டு பிடிவாதங்கள். ஒன்று, கண்ணில் படும் எண்ணையெல்லாம் நாலு இலக்க லாட்டரியில் கட்டுவது. விபத்தில் நசுங்கிய காரின் எண், செத்தவன் வீட்டுக் கதவு எண், எதுவும் விலக்கல்ல. நான் ஊர் திரும்பிய நாளில் விமானத்தின் எண்ணைக் கேட்டு வாங்கிக் கட்டினான். விழவில்லை. இரண்டாவது, எங்கள் ஜல்லிக்கட்டில் கடைசியில் காளையைக் கத்தியால் குத்திக் கொன்றுவிடுவோம் என்பது. எங்கோ ஸ்பெயின் காளைச் சண்டையைப் பார்த்திருக்கிறான். திமிலைப் பிடித்துக்கொண்டு தொங்குவதோடு சரி, காளை வீட்டுக்குப் போய் வைக்கோல் தின்னும் என்று இருபது ஆண்டுகள் சொன்னேன். நான் ஊருக்குக் கிளம்பிய அன்று லிஃப்ட் கதவு மூடும்போதும், “யூ பிளஃப் மீ லா. காளையை அனுப்பு, பார்த்துவிட்டு நம்புகிறேன்” என்றான்.

அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். பிறகு அவனுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டதாகக் கேள்வி. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை. கடிதங்களுக்குப் பதிலில்லை. யூடியூப் என்ற சொல்லையே அவன் மதித்ததில்லை; அவன் வீட்டில் நிச்சயமாக இருப்பது அந்தப் பழைய இயந்திரம் ஒன்றுதான். அவன் இருக்கிறானா என்பதுதான் இப்போது கேள்வி. அதை ஒரு காளையை அனுப்பிக் கேட்கலாம் என்று தோன்றியது.

இலுப்பூர்ப் பக்கத்து ஜல்லிக்கட்டை உள்ளூர் சேனலில் நேரடியாகக் காட்டுவார்கள் என்று தெரிந்ததும், சிங்கப்பூரிலிருந்து வந்த அட்டைப்பெட்டியைத் திறந்து என் வீடியோ டெக்கை எடுத்தேன். கேபிள்காரர் செல்வத்தைக் கூப்பிட்டேன்.

“அடடே, டெக்கு! கல்யாண கேசட்டா சார்? குடுங்க, பென் டிரைவ்ல ஏத்தித் தாரேன்.”

பார்ப்பதற்கல்ல, பதிவு செய்வதற்கு என்றேன். அவர் என் மனைவி சிவகாமியைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு பாக்ஸிலிருந்து வந்த மஞ்சள் ஒயரை டெக்கின் ‘அவுட்’ துளையில் செருகினார். அது வெளியே போகும் வழி, உள்ளே வரும் வழி பக்கத்தில் இருக்கிறது என்று விளக்கினேன்.

“ரெண்டும் மஞ்சதான சார்.”

நானே மாற்றிச் செருகினேன். பாக்ஸிலிருந்து டெக்குக்கு, டெக்கிலிருந்து டிவிக்கு. டெக்கின் டைமர் டெக்கை மட்டும்தான் எழுப்பும். பாக்ஸ் எந்த சேனலில் நிற்கிறதோ அதுதான் பதிவாகும். ஆகவே அன்று யாரும் ரிமோட்டைத் தொடக்கூடாது என்று வீட்டில் அறிவித்தேன். “வீட்டுல இருக்கதே ரெண்டு பேரு. யாருக்குங்க சொல்றீங்க?” என்றாள் சிவகாமி.

டைமர் வைத்தேன். கரண்ட் போனது. வந்தபோது டெக்கின் கடிகாரம் பன்னிரண்டில் நின்று கண் சிமிட்டியது. மறுபடி வைத்தேன், மறுபடி போனது. சிங்கப்பூரில் நான் வேலைக்குப் போனால் எனக்குப் பதிலாக இயந்திரம் டிவி பார்க்கும். இங்கே இயந்திரத்தை நான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஜல்லிக்கட்டு நாளன்று காலையிலிருந்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, என் விரலாலேயே பொத்தானை அழுத்தினேன்.

ஒரு கருங்காளை வாடிவாசலைத் தாண்டிப் பாய்ந்து, பிடிக்க வந்தவர்களை உதறிவிட்டு, முடிவில் தன்னை வளர்த்தவரின் பின்னால் கன்றுக்குட்டி போல நடந்து போனது. லிம்முக்குத் தேவையான சாட்சியம் அதுதான். அந்த நடையின் மேலேதான், காளையின் முதுகில் சூடு போட்டது போல, அந்த எண் வந்து நின்றது.

புகார் கொடுத்தேன். விதியைச் சுட்டினேன். “நம்பர் பாட்டுக்கு வந்துட்டுப் போகுது, ஒங்களை என்ன சார் பண்ணுது?” என்று செல்வம் கேட்டதை அலுவலகப் பதிலாக நான் ஏற்கவில்லை. நாற்பத்தெட்டு மணி நேரம் போய், தை போய், மாசியும் பிறந்தது. அதற்கு மேல் காத்திருக்க மனமில்லாமல் எண்ணோடேயே கேசட்டை அனுப்பிவைத்தேன்.

பிறகு ஒரு பொட்டலம் வந்தது. என் கேசட்டேதான். முகவரி ஒருவன் இடது கையால் எழுதியது போலக் கோணியிருந்தது. உள்ளே ஒரு துண்டுத்தாள், அதே கோணல் ஆங்கிலம்: காளை சாகவில்லை, ஒப்புக்கொள்கிறேன். அதன் நம்பரின் கடைசி நாலைக் கட்டினேன், ஆறுதல் பரிசு விழுந்தது. உன் விமானத்தைவிட உன் மாடு ராசியானது. அடுத்த மாடு எப்போது?

கேசட்டை ஓட்டினேன். என் காளை முடிந்ததும், ஒரு சீனக் குடும்பம் கண்ணீரோடு ஒன்று சேர்ந்தது. பிறகு திரையில் சேனல் பட்டியல் எழும்பி, தடுமாறி, முன்னும் பின்னும் போய், கடைசியில் தமிழ்ச் செய்திக்கு வந்து நின்றது. அங்கேயும் இப்போது பாக்ஸ்தான். அவனும் விழாத கையில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தே மாற்றியிருக்கிறான்.

செய்தியின் முடிவில் வானிலை. பிற்பகலில் தீவின் பல பகுதிகளில் இடியுடன் கூடிய மழை பெய்யும் என்றது ஒரு பெண்குரல். நான் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனேன். மாடியில் வற்றல் காயப் போட்டிருந்த சிவகாமி படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

“என்னங்க, மழ இங்கிட்டா, அங்கிட்டா?”

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. ஜன்னலைத் திறந்தபடியே விட்டுவிட்டு, “அங்கிட்டுத்தான்” என்றேன். கேபிள் அலுவலகத்திலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. லிம்மின் பதில் வந்த நாள், பங்குனி உத்திரம்.