பெட்டி நிறுத்திய மோட்டார்

நந்தியாற்று மணலில் இருந்த குடிதண்ணீர்க் கிணற்றுக்குத் துளசிங்கம்தான் மோட்டார்க்காரர். எந்தத் தெருவுக்கு முதலில் திறந்தாலும் மற்றத் தெரு அவரைத் திட்டும். அதனால் எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில் மோட்டாருக்கு ஒரு தானியங்கிப் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டியபோது அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்.

கிணற்றுக்குள் இறக்கிய கம்பிகளைத் தண்ணீர் தொட்டால் பச்சை விளக்கு எரிந்து மோட்டார் ஓடும். தண்ணீர் இறங்கினால் சிவப்பு எரிந்து தானே நின்றுவிடும். மலைமேல் கோயில் தொட்டி நிரம்பிய பிறகுதான் ஊருக்குத் திருப்பும்.

"ஒரு சொட்டு வீணாகாது. நீ பாத்துக்கினு உக்காந்தா போதும்" என்றார் இன்ஜினியர்.

ஆடி பிறந்தும் மழை இல்லை. பச்சை எப்போதாவது எரிந்தது. ஊறிய கொஞ்சமும் கிருத்திகைக் கூட்டத்துக்கென்று மலைக்கே ஏறியது. தெருக் குழாய்களில் காற்றுதான் வந்தது.

அந்தச் சமயம் பார்த்து மகள் காஞ்சனா தலைப்பிரசவத்துக்கு வந்து, வீட்டிலேயே பெற்றெடுத்திருந்தாள்.

"நைனா, கொழந்த துணி அலசக்கூட தண்ணி இல்ல நைனா."

அவர் கிணற்றடிக்குப் போனார். அங்கே எதிர்வீட்டுக் கோவிந்தம்மாளோடு தெருவே குடத்துடன் நின்றது.

"உன் பொண்ணு பச்சை ஒடம்புக்காரி. அவளுக்காவது போடுய்யா. அடியில தண்ணி தெரியுதே!"

"பெட்டி வுடாதும்மா."

"பெட்டி பெரிசா, மனுசன் பெரிசா?" என்றாள் கோவிந்தம்மாள்.

துளசிங்கம் பெட்டியைத் திறந்து ஒரு துண்டுக் கம்பியால் இரண்டு முனைகளை இணைத்தார். வால்வைக் கையால் தெருப் பக்கம் திருப்பினார். மோட்டார் ஓடியது. தெருக் குழாயில் கலங்கலாகத் தண்ணீர் வந்ததும் பெண்கள் கூவிக்கொண்டு ஓடினார்கள். சற்று நேரத்தில் தண்ணீர் தீர்ந்து மோட்டார் வெறுமனே இரைந்தது. அவர் சுவிட்சை அணைப்பதற்குள் புகை கிளம்பிவிட்டது.

கிருத்திகைக்கு லாரித் தண்ணீர்தான். அவரை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். கெஞ்சிய தெருவே, "இருந்ததையும் எரிச்சிட்டான்" என்றது. கோவிந்தம்மாள் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பள்ளிப்பட்டிலிருந்து சம்பந்தி ஜெயம்மாள் வந்தாள். அழுக்குத் துணி மூட்டையைப் பார்த்தாள்.

"மோட்டார்க்காரர் வூடுன்னுதானே அனுப்பிச்சோம்?"

அவ்வளவுதான் கேட்டாள். தீட்டுக் கழியாத பெண்ணையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். காஞ்சனா ஜன்னலோரம் உட்கார்ந்து அப்பாவையே பார்த்தபடி போனாள்.

எரிந்த மோட்டாரைச் சரிசெய்து மாட்டினார்கள். புதிதாக வந்த ஆள் நாளெல்லாம் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கிணற்றில் பாறை தெரிந்தது. பச்சை எரியவில்லை.

துளசிங்கம் அரக்கோணம் ஸ்டேஷனில் மூட்டை தூக்கப் போனார். மழை பெய்து ஆற்றில் தண்ணீர் ஓடிய வருஷம், அவரே பள்ளிப்பட்டுக்குப் போய் மகளை இரண்டாம் பிரசவத்துக்கு அழைத்தார்.

"இங்கயே பாத்துக்கறோம்ங்க" என்றாள் ஜெயம்மாள்.

காஞ்சனா ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.