என் வீட்டுக்காரர் பார்த்த திமிங்கலச் சுறா

ஜனவரி முதல் வாரம். எதிர்வீடு தெரியாத பனிமூட்டத்தில் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸிலிருந்து கிளம்பினோம். அரசு தரும் எல்.டி.சி. பயணச் சலுகையில் இந்த முறை அந்தமான், அதிலும் ஹேவ்லாக் தீவு. அந்தக் கடலில் திமிங்கலச் சுறா தென்படுகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குப் பித்துப் பிடித்திருந்தது. அதற்காகவே நாற்பத்து மூன்று வயதில், பள்ளிப் பிள்ளைகளுக்கு நடுவே நீச்சல் பழகினேன். என் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் என்றால் வாளியில் இருப்பது மட்டும்தான். பையைப் பார்த்துக்கொள்ள வந்தார்.

இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் இரயிலில் வந்து, சென்னையில் நேரே விமானம் ஏறியிருக்கலாம். ஆனால் தில்லித் தமிழர் எவராவது சென்னையில் இறங்கி, உறவுக்காரர் வீட்டுக்குப் போகாமல் தப்பியதாகச் சரித்திரம் உண்டா? நங்கநல்லூரில் அவருடைய அக்கா என் தலையைப் பார்த்ததுமே எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவிட்டார்.

"தில்லிக் குளிர்ல முடியெல்லாம் தேங்கா நாராட்டம் கெடக்கு. உக்காரு லட்சுமி."

"வேண்டாம் மதினி, கடல்ல முங்கணும். சளி பிடிச்சிரும்."

"எண்ணெ தேச்சுக் குளிச்சு யாருக்குச் சளி பிடிச்சிருக்கு?"

எனக்குப் பிடித்தது. போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்குக் கப்பலில் இரண்டரை மணி நேரம். கடலைப் பார்த்ததைவிடக் கைக்குட்டையைப் பார்த்ததுதான் அதிகம்.

மறுநாள் காலை ஏழரைக்குப் படகு. ஆழத்தில் இறங்க நாலாயிரம் ரூபாய். பயிற்சியாளர் குர்கான்காரர், தில்லிப் பக்கமே வேண்டாமென்று தீவுக்கு ஓடிவந்தவர். சளியைச் சொன்னேன்.

"ஆராம் ஸே, நிதானமாகப் போகலாம், மேடம். காது வலித்தால் மேலே வந்துவிடுங்கள்" என்றார் இந்தியில்.

முதுகில் காற்று உருளை, இடுப்பில் ஈயக்கட்டி. பத்தடி இறங்கியதும் காதில் ஊசி ஏறியது. மூக்கைப் பிடித்து ஊதினேன், அடைப்பு திறக்கவில்லை. நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்று வாளி மாதிரி மேலும் கீழும் போய்வந்தேன். மதினியை மனதாரத் திட்டினேன். கடைசியில் வலி தாங்காமல் மேலே வந்தால், படகே கூச்சலிட்டுக்கொண்டிருந்தது. மறுபக்கம், படகை ஒட்டியே, திமிங்கலச் சுறா நிதானமாகக் கடந்து போயிருக்கிறது. மிக அருகில் பார்த்தவர் என் வீட்டுக்காரர், கையில் புளியோதரைப் பொட்டலத்தோடு.

"எப்படிங்க இருந்துச்சு?"

"பெருசா இருந்துச்சு."

"அப்புறம்?"

"அச்சா, நல்லாவே இருந்துச்சு."

"கேமரா?"

"பைல இருந்துச்சு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. விடுமுறை முடிந்தது, மறுநாளே திரும்பினோம். கப்பலில் கேட்டேன், விமானத்தில் கேட்டேன், நாக்பூரில் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக் கேட்டேன். கோப்புகளில் 'பார்த்தேன்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டே காலம் தள்ளியவர், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இத்தனை பேர் இருக்கிற உலகத்தில் சாட்சியாக வாய்த்தது இந்த மனிதர்தானா என்று நொந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிறு, சரோஜினி நகர் மார்க்கெட். கூட்டத்தில் இடிபட்டுப் போகையில், ஒரு கடைக்காரர் படுக்கை விரிப்பு ஒன்றை உதறினார். சாம்பல் கலந்த நீலத்தில் வெள்ளைப் புள்ளிகள். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"லட்சுமி, இதான். முதுகு இப்படித்தான். தல இங்கன்னு வச்சுக்கோ."

என்னை அங்கேயே நிறுத்திவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தார். இரண்டு செருப்புக் கடை தாண்டி, ஜூஸ் வண்டியருகே நின்று திரும்பிக் கையைத் தூக்கினார்.

"வாலு இங்க!"

வீட்டில்கூட அவர் இப்படிக் கத்தியதில்லை. எங்களுக்கு நடுவே ஜனங்கள் முண்டியடித்துப் புகுந்தார்கள்.

"பையா, ஏக் மினிட்" என்று இரு கைகளையும் விரித்து அவர்களை நிறுத்தினேன். அது கடந்து போகும்வரை.