கூடுதலாக வைத்த தகடு

அம்பத்தூர் ஷெட்டில், வெளிநாட்டுக்குப் போகும் சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்கு நான்தான் சேஸ் வெல்டிங், அதாவது அடிச்சட்டத்தைப் பற்றவைக்கிற வேலை. குழாயெல்லாம் விரல் தடிமன். என் கை லாரி பாடி கட்டிப் பழகிய கை. இது தாங்குமா என்று பயந்துபோய், யாரிடமும் சொல்லாமல் மூலைக்கு மூலை ஒரு தகடு வைத்துப் பற்றவைத்தேன்.

எடை போட்டதும் மேஸ்திரி கத்தினார்.

"இன்னா நைனா, லாரியா கட்டிகினு கீறே? கனமா இருந்தா வெள்ளைக்காரன் வாங்கமாட்டான். அறுத்து எடு!"

அறுத்தேன். ஓரிடத்தில் கிரைண்டர் குழாயையும் பாதி தின்றுவிட்டது. சொன்னால் வேலை போகும். மேலே பெயிண்ட் அடித்தேன்.

"எல்லாம் சரியா கீதா?" மேஸ்திரி வந்து கேட்டார்.

"கீது" என்றேன்.

பெட்டியில் அடைத்து ஹார்பருக்கு அனுப்பினார்கள். அதை ஓட்டினவருக்கு என்ன ஆனதோ, தெரியாது. ஷெட்டில் யாரிடமும் நான் விசாரிக்கவில்லை.